தூண்டிலில் ஏறிய மீன் சட்டிக்குப் போகும்வரை

கடையில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார், விரலால் அழுத்திப் பார்க்கிறார். மீன் எப்போது செத்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தூண்டில்காரருக்கு அது நிமிடக் கணக்கில் தெரியும். ருசி விஷயத்தில் தூண்டில் போடுபவருக்கு இருக்கும் ஒரே அனுகூலம் அதுதான். பெரும்பாலானோர் வீணடிப்பதும் அதைத்தான். ஏப்ரல் வெயிலில் மீனின் வாய்வழியே கயிறு கோத்து, பைக்கில் தொங்கவிட்டு, இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து போட்டோவும் எடுத்து முடிக்கும்போது கையில் இருப்பது, ஐஸில் கிடந்த இரண்டு நாள் மீனைவிட மட்டமான சரக்கு. அதற்குப் பிறகு மசாலாவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

முதலில் கரையில் செய்ய வேண்டியதைப் பார்த்துவிடலாம். மீன் மணலில் துள்ளித் துள்ளிச் சாகவிடக் கூடாது. துள்ளத் துள்ளச் சதையில் அமிலம் சேரும், சூடு ஏறும், சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் தளர்ந்துவிடும். கண்களுக்குச் சற்றுப் பின்னால், உச்சந்தலையில், கனமான கட்டையால் ஒரே அடி. அடித்த கையோடு இரண்டு பக்கச் செவுள்களின் அடியிலும் கத்தியை விட்டு அறுத்து, வாளித் தண்ணீரில் தலைகீழாக ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அதுவே ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். பாரை, சூரை போன்ற சிவந்த சதை மீன்களுக்கு இதைச் செய்ததற்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாலும் சொல்லிவிடலாம்.

அடுத்தது குடல். மலத்துவாரத்திலிருந்து தொண்டைவரை, கத்தி முனை மேல்நோக்கி இருக்க, தோல் அறுபடும் ஆழத்துக்கு மட்டும் கீறுங்கள். ஆழமாக இறக்கினால் பித்தப்பை உடையும். உடைந்துவிட்டால் பச்சைக் கறை பட்ட சதையை அப்போதே வெட்டி எறிந்துவிட வேண்டும். கழுவினால் போகாது, எத்தனை புளி ஊற்றினாலும் அந்தக் கசப்பு மறையாது. குடலை எடுத்தபின் நடுமுள்ளை ஒட்டி, வெள்ளைச் சவ்வுக்கு அடியில், கருஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். சவ்வைக் கீறி, பழைய டூத் பிரஷ் அல்லது கரண்டிக் காம்பால் அதைச் சுரண்டி எடுங்கள். வீட்டில் ‘கவிச்சி அடிக்கிறது’ என்று புலம்புவதில் பாதி இந்தக் கோட்டிலிருந்து வருவதுதான். தூண்டில் முள்ளை மீன் விழுங்கியிருந்தால், தூண்டில் நரம்பை அறுத்துவிட்டோம் என்று மறந்துவிடாமல் குடலோடு அந்த முள்ளையும் தேடி எடுங்கள்.

ஐஸ் கணக்கு எளிது. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கட்டியாகப் போட்டால் மீனைத் தொடும் இடம் மட்டும்தான் குளிரும். உடைத்த ஐஸோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கூழாக்கினால் மீனைச் சுற்றிலும் குளிர் படும். கடற்கரையில் கடல் தண்ணீரையே ஊற்றலாம். துண்டு போட்டபின் மட்டும் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். சாறு இறங்கிச் சதை சக்கையாகும். தெர்மாக்கோல் பெட்டி ஒன்று போதும், பெரிய செலவில்லை.

விரால்

உள்நாட்டு நீரில் தூண்டில் போடுபவர்களிடம் எது ருசி என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் விராலைத்தான் சொல்வார்கள். முள் குறைவு, சதை கெட்டி, குழம்பில் உடையாது. கூடவே ஒரு சலுகையும் உண்டு: விரால் காற்றைச் சுவாசிக்கும். ஈரக் கோணிச்சாக்கில் சுற்றி வைத்தால் சில மணிநேரம் உயிரோடு இருக்கும், ஆகவே மேலே சொன்ன அவசரம் இதற்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டு, தினமும் தண்ணீர் மாற்றினால் வயிறு காலியாகும், சேற்று வாடையும் குறையும். மூடி போட்டு மேலே கல் வையுங்கள். வைக்காதவர்கள் காலையில் மீனைக் கட்டிலுக்கடியில் தேட வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்வதுதான் இதில் வேலை. மீனைக் கொன்றபின் ஒரு கைப்பிடி கல் உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சொரசொரப்பான கல்லில் உரசினால் வழவழப்பும் செதிலும் சேர்ந்து வரும். சாம்பல் இல்லாத வீட்டில் அரிசி மாவு. கொதிநீரை ஊற்றிச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு; தோல் வெந்து, தேய்க்கும்போது கிழிந்துவிடும். விராலுக்குத் தோலில்தான் ருசி.

கொன்ற உடனே துண்டு போட்டு எண்ணெயில் இட்டால் துண்டுகள் வில்லாய் வளையும், சில துடிக்கக்கூடச் செய்யும். சதை இன்னும் விறைத்துத் தளரவில்லை என்பதுதான் காரணம். குழம்புக்கு இது பெரிய விஷயமில்லை. வறுக்க வேண்டுமானால் சுத்தம் செய்து, ஐஸிலோ ஃபிரிட்ஜிலோ ஒரு ராத்திரி வைத்து மறுநாள் வறுங்கள். ‘இவ்வளவு புதுசா இருந்தும் ரப்பர் மாதிரி இருக்கே’ என்பதற்கு விடை இதுதான்.

குழம்புக்கு அளவு, சுத்தம் செய்த 750 கிராம் விராலுக்கு. துண்டுகள் இரண்டு விரல் கனம். எலுமிச்சை அளவு, அதாவது 30 கிராம் புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கால் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிவிட்டால் குழம்பு முழுக்கக் கசக்கும். அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே லாபம். பிறகு கறிவேப்பிலை, 150 கிராம் சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கடைசியில் இரண்டு தக்காளி. தக்காளி கரைந்ததும் தீயைக் குறைத்து, மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி போட்டு ஒரு நிமிடம் மட்டும் வதக்கிப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். உப்பு போட்டு, எண்ணெய் மேலே பிரியும்வரை பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் கொதிக்க வேண்டும். புளியின் பச்சை வாசனை போவதற்கு முன் மீனைப் போடுவது பலர் செய்யும் தப்பு. மீன் வெந்தபிறகும் புளியைக் கொதிக்கவைக்க வேண்டி வரும், மீன் நாராகிவிடும்.

தலையையும் வாலையும் முதலில் போட்டு மூன்று நிமிடம், பிறகு நடுத்துண்டுகள் போட்டு எட்டு நிமிடம். கரண்டி கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. மாங்காய் போடுவதானால் புளியைப் பாதியாக்குங்கள். இறக்கியபின் இரண்டு மணிநேரம் மூடாமல் ஆறவிட்டுச் சாப்பிட்டால்தான் சதைக்குள் உப்பும் புளியும் ஏறியிருக்கும்.

ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் மேலே வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதன்மேல் ரப்பர் தவளையை வீசினால் விரால் நிச்சயம் கடிக்கும், பசிக்காக இல்லை, குஞ்சைக் காக்க. அதைத் தூக்கிவிட்டால் அரைமணி நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் துடைத்துவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஏரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதும் நல்லது.

ஜிலேபியும் சேற்று வாடையும்

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று இல்லாத குளம் இல்லை. மண்புழுவோ பிசைந்த மைதாவோ போதும், சின்னப் பையனுக்கும் கிடைக்கும். ருசியில்லாத மீன் என்று ஒதுக்குகிறார்கள். மீனின் குற்றம் அல்ல, தண்ணீரின் குற்றம். பச்சைப்பாசி மண்டிய நீரில் நீலப்பச்சைப் பாசிகளும் சில பாக்டீரியாக்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழையில் எழும் மண்வாசனையும் இதுவேதான். மண்ணில் மணக்கும், மீனில் குமட்டும். செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கிவிடும்: தோலடி, வயிற்றுச் சதை, பக்கவாட்டில் ஓடும் கறுத்த சதை.

ஆகவே வழியும் அதிலேயே இருக்கிறது. தோலை உரித்துவிடுங்கள், வயிற்று ஓரத்தை வெட்டி எறியுங்கள், கறுத்த சதையை ‘வி’ வடிவில் கீறி எடுங்கள், வயிற்றுக்குள் இருக்கும் கருஞ்சவ்வைச் சுரண்டுங்கள். மடவைக்கும் இந்தக் கருஞ்சவ்வு உண்டு, அதுவும் போக வேண்டும். பிறகு புளித்த மோரிலோ கெட்டியான புளித்தண்ணீரிலோ அரைமணி ஊறவைத்துக் கழுவுங்கள். புளிப்பில் ஜியோஸ்மின் சிதைந்து வாடை தணியும். நம் ஊர்க்குழம்பில் புளி இத்தனை தாராளமாக இருப்பதற்கு நாக்கு மட்டும் காரணம் அல்ல.

இத்தனை செய்தால் அரைக் கிலோ துண்டுகளுக்கு மசாலா: மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால், உப்பு ஒரு தேக்கரண்டி, அரை மூடி எலுமிச்சை, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி. இருபது நிமிடம் போதும். எலுமிச்சையில் மணிக்கணக்கில் ஊறினால் வெளிச்சதை அமிலத்திலேயே வெந்து மாவாகிவிடும்.

கல்லில் ஒட்டுகிறதா? மீனில் ஈரம் இருந்திருக்கும், அல்லது கல் காயாமல் இருந்திருக்கும், அல்லது அவசரப்பட்டுத் திருப்பியிருப்பீர்கள். இரும்புக் கல்லைப் புகை வரும்வரை காயவைத்து, தீயை நடுத்தரமாக்கி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் மீனை வையுங்கள். நாலு நிமிடம் தொடவே கூடாது. வெந்த பக்கம் தானாக விடுபடும். விடாத மீனைக் கரண்டியால் கெல்லினால் மசாலா கல்லிலும் மீன் தட்டிலுமாகப் பிரிந்துவிடும்.

ரோகு, கட்லா போன்ற பெருங்கெண்டைகளில் சிக்கல் வேறு. முதுகிலும் வால்பக்கத்திலும் சதைக்குள் கவட்டை வடிவ நுண்முட்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வயிற்றுத்துண்டைக் கொடுங்கள். அங்கே விலா முள் மட்டும்தான், கண்ணுக்குத் தெரியும். வால்துண்டுகளில் அரிசி அகல இடைவெளியில் முள் ‘கிரிக் கிரிக்’ என்று அறுபடும் ஆழத்துக்குக் கீறி, எண்ணெயில் முழுக வறுத்தால் அந்த முட்கள் முறுகித் தெரியாமல் போய்விடும்.

கெளுத்தியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. செதில் இல்லை, கொழுப்பு உண்டு, மிளகு தூக்கலாக வைத்த கெட்டிக் குழம்புக்கு ஏற்றது. முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்களைக் குறடால் ஒடித்துவிட்டே கையில் எடுங்கள். கெளுத்தியின் உறவான தேளி குத்தினால் பெயருக்கு ஏற்றபடி கடுக்கும். இன்னொன்று: கழிவுநீர் விழும் நகர ஆறுகளில் கெளுத்தி கொழுகொழுவென்று வளரும். அங்கே பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். சாயப்பட்டறைக் கழிவையும் ஈயத்தையும் எந்தக் கொதியும் போக்காது.

உப்புநீர்ப் பக்கம்

கழிமுகங்களில், பழவேற்காட்டிலிருந்து முட்டுக்காடு, பிச்சாவரம் வரை, ராடும் ரீலுமாக நிற்பவர்கள் காத்திருப்பது கொடுவாவுக்காக. வெண்சதை, அளவான கொழுப்பு, பெரிய இதழ்களாகப் பிரியும். பிடிக்கும்போது செவுள் மூடியில் விரலை விடாதீர்கள், அதன் ஓரம் பிளேடு. சாப்பாட்டுக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ மீன்தான் நேர்த்தி. கொடுவா ஆணாக முதிர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். ஏழெட்டுக் கிலோ மீன் என்றால் பெரும்பாலும் முட்டையிடும் பெண். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். அதன் சதையும் சற்று முரடுதான்.

கொடுவாவைப் புளியில் மூழ்கடிப்பது வீண் என்பது எங்கள் கட்சி. தலையைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, நடுத்துண்டை வாழையிலையில் செய்யுங்கள். இரண்டு விரல் கனத் துண்டு, 200 கிராம் அளவில் நான்கு. பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய்த்துருவல், மஞ்சள், உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைத்து, தேங்காய் எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி ஈரத்தை வற்றவிடுங்கள். வதக்காத விழுது இலைக்குள் தண்ணீர் விட்டு மீனை அவித்துவிடும். இலையைத் தீயில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. பொட்டலத்தைக் கல்லில் வைத்து மூடி, சிறுதீயில் பக்கத்துக்கு ஏழு நிமிடம். நடுவில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். சதை கண்ணாடிபோல் தெரியாமல் வெள்ளையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

கடற்கரை அலையில் ஈயக்குண்டு கட்டி, மணற்புழுவோ இறால் துண்டோ கோத்து வீசினால் கிடைப்பது கிழங்கான். ஒரு சாண் நீளம், மெல்லிய வெண்சதை, வயிற்றுக்கு இதமானது. இதற்கு மிளகாய்த்தூள் குழம்பு ஒரு அநியாயம். ஈழத்தமிழர் வைக்கும் சொதிதான் பொருத்தம். அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேங்காய். முதல் பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலில் பத்துச் சின்ன வெங்காயம், நாலு கீறிய பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டு வெங்காயம் வேகும்வரை கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு ஐந்து நிமிடம். பிறகு முதல் பால். விளிம்பில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். எலுமிச்சைச் சாற்றையும் இறக்கிச் சூடு தணிந்தபின்தான் பிழிய வேண்டும்.

பாரை கிடைத்தால் இழுவையில் சந்தோஷம், சமையலில் கவனம். பாரை, சூரை, ஊளி, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பார்வைக்கும் வாசனைக்கும் மீன் நன்றாகவே இருக்கும், சாப்பிட்ட ஒரு மணிநேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். ‘மீன் அலர்ஜி’ என்று பலர் நினைப்பது இதைத்தான். ஹிஸ்டமின் வறுத்தாலும் கொதித்தாலும் அழியாது, ஃபிரீசரில் வைத்தாலும் போகாது. நாக்கில் சுள்ளென்று மிளகுக் காரம்போல் பட்டால் துப்பிவிடுங்கள். தடுக்க ஐஸ் ஒன்றுதான் வழி, அதுவும் பிடித்த உடனே. கறுத்த சதையை நீக்கிய பாரையை, சுறாவுக்குச் செய்வதுபோல் பத்து நிமிடம் அவித்து உதிர்த்துப் புட்டாக்கினால் அதன் வறட்டுத்தன்மை தெரியாது. வெங்காயத்தையும் எண்ணெயையும் மட்டும் தாராளமாக வையுங்கள்.

ஓரா சிறிய மீன், ருசி பெரியது, முதுகு முட்களில் விஷம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூடான தண்ணீரில், 45 டிகிரி அளவில், அரைமணிக்குக் குறையாமல் கையை வையுங்கள். விஷம் சூட்டில் செயலிழக்கும். வலி தணியாவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பாசி தின்னும் மீன் என்பதால் அதன் குடல் சீக்கிரம் நாறும், நாற்றம் சதைக்கும் ஏறும். கரையிலேயே குடலை எடுத்துவிட்டால்தான் ஓரா ஓராவாக இருக்கும்.

காவிரியிலும் மோயாற்றிலும் தூண்டிலில் மஹ்சீர் மாட்டினால் சமையல் பேச்சே வேண்டாம். திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் நிற்கும் மீன். தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றி, அது தானாக நீந்தும்வரை பிடித்திருந்து விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பேத்தை. முகத்துவாரத்தில் இரையைக் கொறித்து நரம்பை அறுத்து, பந்துபோல் ஊதிக்கொண்டு வரும். ஈரலிலும் சினையிலும் மட்டுமல்ல, பல வகைகளில் தோலிலும் நஞ்சு உண்டு, சமைத்தாலும் அது போகாது, மாற்றுமருந்தும் இல்லை. எரிச்சலில் அதை மணலில் வீசிவிட்டு வருகிறார்கள். கடற்கரை நாய் தின்றால் நாய் சாகும். குறடால் முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.